கரியமில வாயுவும் இரத்தத்தின் அமில-காரச் சமநிலையும்

சுவாசம் என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது பிராணவாயுவே. அது உயிரைக் காப்பது. கரியமில வாயுவோ உடல் வெளியே தள்ளும் கழிவு. பள்ளிப் பருவத்தில் நாம் யாவரும் கற்றது இதுதான். இக்கூற்றில் தவறில்லை. எனினும் இது பாதி உண்மையே ஆகும். வெளியேறும் இக்கரியமில வாயுவில் ஒரு குறிப்பிட்ட அளவு எப்போதும் இரத்தத்தில் தங்கியிருந்தாக வேண்டும். அந்த அளவு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. ஏனெனில், இரத்தம் எவ்வளவு அமிலத்தன்மை அல்லது காரத்தன்மை கொண்டிருக்க வேண்டும் என்பதை நொடிக்கு நொடி நிருணயிப்பதில் இவ்வாயுவுக்கே முதன்மையான பங்கு உண்டு. இவ்வுண்மையை மருத்துவ உலகம் ஏட்டளவில் அறிந்திருந்தும், நோயாளியின் படுக்கையருகே அதனைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது 1952-ஆம் ஆண்டில், டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் பரவிய ஒரு கொடிய கொள்ளை நோயின்போதுதான். அவ்வரலாற்றைக் காணுமுன், அதற்கு அடிப்படையான சில செய்திகளை அறிந்துகொள்வோம்.

அமிலத்தை அளக்கும் அளவுகோல்

எலுமிச்சைச் சாறு அமிலம். சுண்ணாம்புத் தெளிநீர் காரம். ஒரு கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு மிகுதியாக உள்ளனவோ அவ்வளவுக்கு அது அமிலத்தன்மை உடையது. இவ்வயனிகளின் செறிவைச் சுருக்கமாகக் குறிக்க 1909-இல் சோரென்சென் என்னும் டேனிஷ் ரசாயன அறிஞர், கோபன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகையில், பி.ஹெச். என்னும் அளவுகோலை வகுத்தார். தூய நீரின் எண் 7. அதனினும் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். இவ்வளவுகோலில் ஓர் எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு பெருகிவிட்டன என்பது பொருள்.

நலமுள்ள மனிதனின் தமனி இரத்தத்தில் இவ்வெண் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. அதாவது, இரத்தம் சற்றே காரத்தன்மை உடையது. 7.4 என்பது 7.1 ஆக இறங்கினால், எண்ணில் சிறு வேறுபாடாகத் தோன்றினும், ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டன என்று அறிதல் வேண்டும். 6.8-க்குக் கீழோ 7.8-க்கு மேலோ சென்றால் உயிர் நெடுநேரம் நிலைப்பது அரிது. உடலின் வேலைகள் அனைத்தையும் நடத்தும் புரதங்களும் நொதிகளும் தத்தம் வடிவத்தையும் ஆற்றலையும் இக்குறுகிய எல்லைக்குள் மட்டுமே செவ்வனே காத்துக்கொள்ள இயலும். எல்லை மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும், மூளை மங்கும்.

நாள்தோறும் உண்டாகும் அமிலம்

உண்ட உணவு உயிரணுக்களில் எரிந்து சக்தியாகும்போது கரியமில வாயு உண்டாகிறது. ஓய்வாக இருக்கும் ஒருவரின் உடலில் நிமிடத்திற்குச் சுமார் 200 மில்லிலிட்டர் வாயு உற்பத்தியாகிறது. ஒரு நாளைக்கு இது ஏறக்குறைய 290 லிட்டர். எடையில் அரைக் கிலோவுக்கும் அதிகம்.

சோடா குடிக்கும்போது நாவில் சுருக்கென்று ஒரு புளிப்பை உணர்கிறோம். கரியமில வாயு நீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆவதே அதற்குக் காரணம். இதே மாற்றம் நம் இரத்தத்திலும் ஓயாது நிகழ்கிறது. அவ்வமிலம் உடனே பிரிந்து ஹைட்ரஜன் அயனியையும் பைகார்பனேட் அயனியையும் தருகிறது. சாதாரணமாக நீரில் மெதுவாக நடைபெறும் இவ்வினையைச் சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி மிகப் பன்மடங்கு விரைவுபடுத்துகிறது. துத்தநாகத்தைத் தன்னகத்தே கொண்ட இந்நொதி 1930-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. இது இல்லையேல், திசுக்களின் நுண்ணிய இரத்தக் குழாய்களை இரத்தம் கடந்து செல்லும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இத்துணை வாயுவை ஏற்றிச் செல்லுதல் இயலாது.

இங்ஙனம் கரியமில வாயுவின் பெரும்பகுதி, அதாவது நூற்றுக்கு எழுபது பங்கு அளவில், பைகார்பனேட்டாக உருமாறியே நுரையீரலை நோக்கிப் பயணம் செய்கிறது. எஞ்சியதில் ஒரு பங்கு ஹீமோகுளோபினுடன் ஒட்டிக்கொண்டும், ஒரு சிறு பங்கு வாயுவாகவே கரைந்தும் செல்கின்றன. உண்டான ஹைட்ரஜன் அயனிகளை என் செய்வது? அவற்றையும் ஹீமோகுளோபினே ஏற்றுக்கொள்கிறது. பிராணவாயுவை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் ஹைட்ரஜன் அயனிகளை ஏற்பதில் அதிக ஆற்றல் பெறுவது இயற்கையின் சிறந்ததோர் ஏற்பாடாகும். ஆகவே, இவ்வளவு அமிலத்தைச் சுமந்து திரும்பும் சிரை இரத்தத்தின் பி.ஹெச்., தமனி இரத்தத்தினின்றும் 0.03 அல்லது 0.04 அளவே குறைந்து காணப்படுகிறது. நுரையீரலை அடைந்ததும் வினைகள் அனைத்தும் தலைகீழாக நடைபெற்று, வாயு பிரிந்து மூச்சுடன் வெளியேறுகிறது.

ஒன்றுக்கு இருபது

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஹெண்டர்சன் 1908-இல் கரியமில வாயு, பைகார்பனேட், ஹைட்ரஜன் அயனி ஆகிய மூன்றுக்கும் இடையேயுள்ள உறவைக் கணித வாய்பாடாக வெளியிட்டார். கோபன்ஹேகனைச் சேர்ந்த ஹாசல்பால்க் 1916-இல் அதனைப் பி.ஹெச். அளவுகோலுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். அவ்வாய்பாட்டின் சாரத்தைக் கணிதம் இன்றியே கூறிவிடலாம்.

இரத்தத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 24 மில்லிமோல் பைகார்பனேட் உள்ளது. கரைந்த கரியமில வாயுவோ 1.2 மில்லிமோல் அளவே உள்ளது. இதன் அழுத்தம் பாதரசக் கணக்கில் 40 மில்லிமீட்டர். இவ்விரண்டின் விகிதம் இருபதுக்கு ஒன்று. இவ்விகிதம் மாறாதிருக்கும் வரையில் பி.ஹெச். 7.4-இலேயே நிற்கும். பொருள்களின் தனித்தனி அளவு அன்று, அவற்றின் விகிதமே முக்கியம் என்பதை வாசகர்கள் ஈண்டு நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் வரும் வரலாறு முழுவதும் இதனையே சார்ந்துள்ளது.

இத்தராசின் ஒரு தட்டை நுரையீரலும் மறு தட்டைச் சிறுநீரகமும் கவனித்துக்கொள்கின்றன. மூச்சு மிகுந்தால் கரியமில வாயு குறைந்து இரத்தம் காரப் பக்கம் சாய்கிறது. மூச்சு தளர்ந்தால் வாயு தேங்கி அமிலப் பக்கம் சாய்கிறது. பைகார்பனேட்டைச் சேமிப்பதும் கழிப்பதும் சிறுநீரகத்தின் பணி. நுரையீரல் சில நிமிடங்களில் செயற்படும். சிறுநீரகமோ தன் வேலையை முடிக்க இரண்டு முதல் ஐந்து நாட்கள் எடுத்துக்கொள்ளும். ஒன்று தவறும்போது மற்றொன்று துணைக்கு வருகிறது. முற்றிய நீரிழிவு நோயாளிகள் ஆழமாகவும் ஓயாமலும் மூச்சு வாங்குவதை ஜெர்மானிய மருத்துவர் அடால்ப் குஸ்மால் 1874-இல் விவரித்தார். இன்சுலின் இன்மையால் உடலில் பெருகும் கீட்டோ அமிலங்கள் பைகார்பனேட்டைக் கரைத்துவிடுகின்றன. விகிதத்தைக் காப்பதற்காக நுரையீரல் கரியமில வாயுவை வேகமாக வெளியேற்றுகிறது. காண்போருக்கு அது மூச்சுத் திணறலாகத் தோன்றினும், உண்மையில் உடலின் தற்காப்பு முயற்சியே ஆகும்.

மூச்சை ஆள்வது எது?

மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் ஒருவரைச் சிறிது நேரத்தில் மூச்சு விடும்படி வற்புறுத்துவது எது? பிராணவாயுவின் குறைவே என்று பலரும் எண்ணுவர். 1905-இல் ஆக்ஸ்போர்டில் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் இரு அறிஞர்கள் இதற்கு வேறு விடை கண்டனர். நுரையீரலின் காற்றறைகளில் கரியமில வாயு மிகச் சிறிதளவு உயர்ந்தாலும் சுவாசம் பெருமளவு அதிகரிக்கிறது என்பதை அவர்கள் தம்மீதே சோதனை செய்து நிறுவினர். கரியமில வாயு இரத்தத்திலிருந்து மூளையைச் சூழ்ந்த திரவத்தினுள் எளிதில் புகுந்து அமிலத்தன்மையை உண்டாக்குகிறது. முகுளத்திலுள்ள உணர்விகள் அதனை அறிந்து சுவாசத்தை முடுக்குகின்றன என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவாகும்.

இவ்வறிவு ஏட்டளவில் மட்டும் பயன்படுவதன்று. நீருக்கடியில் நெடுநேரம் இருக்க விரும்பி, மூழ்குமுன் பலமுறை வேகமாக மூச்சை இழுத்து விடும் பழக்கம் இளைஞர்களிடம் காணப்படுகிறது. இதனால் உடலில் சேரும் பிராணவாயு மிகச் சொற்பமே. ஆனால் கரியமில வாயு பெருமளவு வெளியேறிவிடுகிறது. மூச்சு விடத் தூண்டும் எச்சரிக்கை வருமுன்பே பிராணவாயு தீர்ந்து, நீச்சல் வல்லவரும் நீருக்குள்ளேயே உணர்விழப்பர். எனவே இப்பழக்கம் உயிருக்கே இறுதியாக முடியக்கூடும்.

அச்சத்தாலும் மன அதிர்ச்சியாலும் சிலர் அளவுக்கு மீறி மூச்சு வாங்குவதுண்டு. கரியமில வாயு குறைந்து இரத்தம் காரத்தன்மை பெறவே, தனி அயனியாக உலவும் கால்சியத்தின் ஒரு பகுதி புரதத்துடன் பிணைந்துவிடுகிறது. மூளையின் இரத்தக் குழாய்களும் சுருங்குகின்றன. விரல்களில் மதமதப்பும், கைத் தசைகளில் இறுக்கமும், தலைச்சுற்றலும் தோன்றுவது இதனாலேயே. முற்காலத்தில் காகிதப் பைக்குள் மூச்சுவிடச் செய்வர். நோயின் உண்மையான காரணம் இதயத்திலோ நுரையீரலிலோ இருக்குமாயின் அது கேடாக முடியுமாதலால், இம்முறை இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை.

உயர்ந்த மலைப் பிரதேசங்களிலும் இதே நிலை உண்டாகிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் லே நகருக்கு விமானத்தில் செல்வோர், காற்றழுத்தக் குறைவால் பிராணவாயு போதாமல் மிகுதியாக மூச்சு விடுகின்றனர். அதனால் கரியமில வாயு குறைகிறது. இரத்தம் காரப் பக்கம் சாய்ந்து, மேலும் மூச்சு விடுவதற்கு முட்டுக்கட்டையாகிறது. சில நாட்களில் சிறுநீரகம் பைகார்பனேட்டைக் கழித்த பின்னரே சுவாசம் தடையின்றிப் பெருகுகிறது. புதிதாகச் செல்வோர் முதல் நாட்களில் ஓய்வு கொள்ளல் வேண்டும் என்னும் விதிக்கு இதுவும் ஒரு காரணமாகும். மருத்துவர்கள் அங்கு தரும் அசிட்டசோலமைடு என்னும் மருந்து, முன்னர்க் கூறிய கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியைத் தடுத்துச் சிறுநீரகத்தின் இவ்வேலையை விரைவுபடுத்துகிறது.

கோபன்ஹேகன், 1952

மேற்கூறியவை யாவும் மூச்சு மிகுவதால் வருவன. மூச்சு குறைந்து கரியமில வாயு தேங்கினால் நேர்வது என்ன என்பதைக் கோபன்ஹேகன் நிகழ்ச்சி காட்டுகிறது.

1952-ஆம் ஆண்டின் கோடையில் அந்நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. தொற்று நோய்களுக்குரிய பிளெக்டாம் மருத்துவமனையில் நாளொன்றுக்கு ஐம்பது பேர் வரையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பலருக்கு விழுங்கும் தசைகளும் சுவாசத் தசைகளும் செயலிழந்தன. அக்காலத்தில் இத்தகையோருக்கு இருந்த உதவி, உடலைச் சூழ்ந்து காற்றழுத்தத்தை மாற்றி மார்பை விரியச் செய்யும் ‘இரும்பு நுரையீரல்’ போன்ற கருவிகளே. மருத்துவமனையிடம் இருந்தவை அத்தகைய பெரிய கருவி ஒன்றும், மார்புக் கவசம் போன்ற சிறு கருவிகள் ஆறுமே. முதல் மூன்று வாரங்களில் சுவாசம் பாதிக்கப்பட்ட 31 பேருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அவர்களில் 27 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் இளம் வயதினரும் ஆவர்.

அந்நோயாளிகளுக்குப் பிராணவாயு தரப்பட்டது. அவர்கள் மேனி நீலம் பாரிக்கவில்லை. ஆயினும் உடல் வியர்த்தது, இரத்த அழுத்தம் ஏறியது, நினைவு தப்பியது, முடிவில் உயிர் பிரிந்தது. இரத்தப் பரிசோதனையில், பெரும்பாலும் பைகார்பனேட் வடிவிலுள்ள மொத்தக் கரியமில வாயுவின் அளவு மிக உயர்ந்து காணப்பட்டது. பைகார்பனேட் காரப் பொருளாதலின், நோயாளிகளின் இரத்தம் இன்னதென்று அறியாத காரணத்தால் காரமிகுதி அடைந்துள்ளது என்றே மருத்துவர்கள் கருதினர்.

தலைமை மருத்துவர் லாஸென் ஆகஸ்டு 25-ஆம் தேதி ஆலோசனைக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சென் அதற்கு அழைக்கப்பட்டார். அறுவை சிகிச்சையின்போது போதிய மூச்சு இல்லாத நோயாளிகளிடம் இதே வியர்வையையும் இரத்த அழுத்த ஏற்றத்தையும் அவர் கண்டிருந்தார். ஆகவே, இது காரமிகுதி அன்று. கரியமில வாயு வெளியேறாமல் தேங்கியதால் விளைந்த அமிலமிகுதியே என்று அவர் கூறினார்.

ஒரே அளவு எவ்வாறு இருவேறு பொருள் தரும்? முன்னர்க் கூறிய விகிதத்தை நினைவு கூர்க. கரியமில வாயுவின் அழுத்தம் 40-லிருந்து 80 ஆகத் திடீரென உயர்ந்தால், வினையின் விளைவாகப் பைகார்பனேட்டும் 24-லிருந்து சுமார் 28 ஆக உயரும். அதனை மட்டும் காண்போர் காரம் மிகுந்தது என்பர். ஆனால் விகிதமோ இருபதிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாகச் சரிந்து, பி.ஹெச். 7.2 அளவுக்கு இறங்கிவிடும். தராசின் ஒரு தட்டை மட்டும் பார்த்து எடை கூறியதே அன்று நேர்ந்த பிழையாகும். ஆய்வுக்கூடத்தின் பொறுப்பிலிருந்த பவுல் அஸ்ட்ரூப், இரத்தத்தின் பி.ஹெச். எண்ணை நேரடியாக அளந்து, இப்சென் கூறியதே சரி என்று காட்டினார்.

ஆகஸ்டு 27-ஆம் தேதி, கைகால்கள் செயலிழந்து உயிருக்குப் போராடிய பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இப்சென் தம் முறையைச் சோதித்தார். மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டது. அதனோடு இணைந்த ரப்பர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்று செலுத்தப்பட்டது. தொடக்கத்தில் சிறுமியின் நிலை மேலும் மோசமாயிற்று. காற்று உள்ளே செல்லவில்லை. மயக்க மருந்து கொடுத்துத் தசைகளின் எதிர்ப்பைத் தணித்த பின், காற்று தங்குதடையின்றிச் சென்றது. கரியமில வாயு குறைந்தது, வியர்வை நின்றது, இரத்த அழுத்தம் இயல்பாயிற்று. மீண்டும் பழைய மார்புக் கருவியில் வைத்தபோது வாயு தேங்கி, பழைய குறிகள் திரும்பின. பையை அழுத்தத் தொடங்கியதும் அவை மறைந்தன. நோயின் காரணம் யாவர் கண்ணுக்கும் புலனாயிற்று. அச்சிறுமி உயிர் பிழைத்தாள்.

இம்முறையை எல்லா நோயாளிகளுக்கும் கையாள்வதற்கு வேண்டிய இயந்திரங்கள் அன்று இல்லை. மனிதக் கைகளே இருந்தன. மருத்துவ மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களுமாக ஏறத்தாழ 1,500 பேர் முறை வைத்து, பகலும் இரவும் நோயாளிகளின் அருகே அமர்ந்து பையை அழுத்தினர். ஒரே சமயத்தில் எழுபது நோயாளிகள் வரையில் இவ்வாறு காக்கப்பட்டனர். வாரக்கணக்கில் பிறர் கையால் மூச்சு விட்டு உயிர் பிழைத்தோரும் உண்டு. நூற்றுக்கு எண்பத்தேழாக இருந்த மரண விகிதம், அவ்வாண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு, 1953-இல், இத்தகைய நோயாளிகளை இடைவிடாது கண்காணிப்பதற்கெனத் தனிப் பிரிவு ஒன்றை இப்சென் கோபன்ஹேகனில் அமைத்தார். இன்று உலகெங்கும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அது முன்னோடியாயிற்று.

இன்றைய நிலை

இளம்பிள்ளை வாதத்தை நம் நாடு தடுப்பு மருந்தின் துணையால் வென்றுவிட்டது. போலியோ அற்ற பகுதியின் நாடாக இந்தியா 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சான்று பெற்றது. ஆயினும் கோபன்ஹேகன் கற்பித்த பாடம் பழமையாகிவிடவில்லை. 1950-களில் கரியமில வாயுவின் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் மின்முனை உருவாயிற்று. இன்று சில துளி தமனி இரத்தத்தைக் கொண்டு பி.ஹெச்., கரியமில வாயு, பிராணவாயு ஆகிய மூன்றையும் சில நிமிடங்களில் கருவிகள் கூறிவிடுகின்றன. பைகார்பனேட் அளவு அவற்றிலிருந்து கணிக்கப்படுகிறது.

2020-இல் கோவிட் நோய் பரவிய பின்னர், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் என்னும் சிறு கருவி பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அது மிகப் பயனுள்ளது. எனினும் அது காட்டுவது பிராணவாயுவின் செறிவை மட்டுமே. கரியமில வாயுவைப் பற்றி அது ஒன்றும் கூறாது. பிராணவாயு செலுத்தப்படும் நோயாளியின் விரலில் கருவி 98 என்று காட்டினும், அவர் போதிய அளவு மூச்சு விடாதிருந்தால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கிக்கொண்டே இருக்கலாம். 1952-இல் மேனி நீலம் பாரிக்காமலேயே இறந்த நோயாளிகளின் நிலையும் இதுவே அன்றோ?

புகைபிடித்தலாலும், விறகு அடுப்பின் புகையைப் பல்லாண்டுகள் சுவாசித்ததாலும் நுரையீரல் நலிந்தவர்கள் இதில் சிறப்பாக எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். இவர்களுள் பலருடைய உடல் நாட்பட்ட கரியமில வாயு மிகுதிக்குப் பழகி, சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேமித்து விகிதத்தை ஓரளவு காத்து வருகிறது. இத்தகையோருக்கு அளவின்றிப் பிராணவாயு கொடுத்தால் கரியமில வாயு மேலும் உயர்ந்து, அயர்ச்சியும் நினைவு மங்கலும் நேரக்கூடும். ஆதலின் மருத்துவர்கள் இவர்களுக்குப் பிராணவாயுவை 88 முதல் 92 விழுக்காடு செறிவு என்னும் வரம்புக்குள் நிறுத்தி அளந்தே தருகின்றனர். வீட்டில் பிராணவாயு பெறும் நோயாளி காலையில் தலைவலியுடன் எழுவாராயின், அல்லது பகலில் வழக்கத்திற்கு மாறாகத் தூங்கி வழிவாராயின், கருவியின் எண்ணைக் கண்டு நிறைவடைந்துவிடாமல் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். வாயுவின் அளவைத் தாமாகவே கூட்டுதல் கூடாது.

நாம் ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு முதல் இருபது முறை வரையில், நினைவின்றியே மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு மூச்சும் பிராணவாயுவை உட்கொள்வதோடு நில்லாமல், எவ்வளவு கரியமில வாயு போக வேண்டும், எவ்வளவு தங்க வேண்டும் என்பதையும் அளந்து விடுகிறது. அவ்வளவு தவறும்போது அதனை அறிந்து திருத்துவதற்கான அறிவும் கருவியும் இன்று மருத்துவத்தின் கைவசம் உள்ளன. நோயாளியைக் கவனிப்போர் அவருக்குப் பிராணவாயு போதிய அளவு கிடைக்கிறதா என்பதோடு, அவர் விடும் மூச்சும் போதிய அளவு வெளியேறுகிறதா என்பதையும் நோக்குவாராயின், அவ்வறிவின் பயன் முழுமை பெறும்.